தயிர்ப்பானையோடு எதிரே வந்தவர்

எங்கள் ஐயா ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டால் முதலில் பார்ப்பது வழியை அல்ல, வழியில் எதிரே வருவது யார் என்பதைத்தான். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வந்தால் நடை வேகமாகும். விறகுக்கட்டு வந்தால் முகம் சுருங்கும். பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து, கதிரையில் உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, மறுபடி வெளிக்கிடுவார். இதை நாங்கள் முழிவியளம் என்போம். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதும் இதே கூத்துத்தான். ஐம்பதுகளில் வன்னியில் அரசாங்கம் காடு வெட்டித் தந்த காணிக்குக் குடிவந்தபோது சட்டி பானையோடு இதையும் கட்டிக்கொண்டு வந்தோம்.

கிளிநொச்சியில் ரயிலால் இறங்கி மாட்டுவண்டியில் அரை நாள் போனால் எங்கள் குடியேற்றம். குளத்துக்குக் கீழே ஆளுக்கொரு துண்டு வயல், வீடு கட்ட ஒரு துண்டு மேட்டுநிலம். ஐயா, அம்மா, நான், என் தங்கச்சி என்று நாலு பேர். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று சொல்லி அனுதாபப்பட ஊரில் ஆள் நிறைய இருந்தது. வந்து ஒரு வரம்பு கட்டித் தரத்தான் ஆள் இல்லை. எனக்குக் கல்யாண வயது வந்து, கடந்தும் போய்க்கொண்டிருந்தது. அம்மா எனக்காக வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார்.

எங்களுடையதுதான் கடைசிக் காணி. அதற்கு அப்பால் காடு. காட்டோரத்தில் ஒரு எருமைப் பட்டி, பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில், கொட்டிலில் ஒருவர் தனியாக இருந்தார். அவர் எங்களைப்போலக் குடிவந்தவர் அல்லர். அந்த மண்ணின் பழைய ஊர்க்காரர். இளவயதில் பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய், பழத்துக்கு வந்த கரடியிடம் அகப்பட்டவர். உயிர் தப்பியது, வலப்பக்கக் கன்னம் தப்பவில்லை. அந்தப் பக்க உதடு மேலே இழுபட்டுப் பல் தெரியும். கண்ணின் கீழிமை தொங்கும். தாயும் தகப்பனும் போனபின் ஊரைவிட்டு விலகி எருமைகளோடு இருந்துவிட்டார். வெளியே வந்தால் துவாயால் தலையையும் கன்னத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வார்.

குடியேற்றத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரடியன் என்பார்கள். விடியக் காலையில் அவரைக் கண்டால் அன்றைய பொழுது விளங்காது என்பார்கள். அது அவருக்கும் தெரியும். விதைப்பு நாள், அறுவடை நாள், யாருடைய வீட்டிலாவது கல்யாணம் என்றால், வெயில் ஏறும்வரை பட்டியைவிட்டு வெளியே வரமாட்டார். எங்கள் ஊரில் பஞ்சாங்கத்தை ஒழுங்காக அனுசரித்த ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் வீட்டுக்குத் தயிர் அவருடைய பட்டியிலிருந்துதான் வந்தது. விடிகிற நேரம் சட்டியை உறியோடு எங்கள் வேலிப் படலை வாசலின் மரக் கப்பில் கொழுவிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் சட்டியைக் கழுவி, உப்போ புளியோ தேங்காயோ உள்ளே வைத்து அதே கப்பில் கொழுவுவோம். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. நெடுநாளாக இப்படியே நடந்தது. அவருடைய கையைக்கூட நான் கிட்ட நின்று கண்டதில்லை.

ஒரு ஐப்பசியில் எங்கள் நாள் விதைப்பு, நல்ல நாள் பார்த்து விதை வீசுகிற நாள். வயலைச் சேறடித்துத் தண்ணீர் வடித்து, நெல்லை ஊறவைத்து முளை கட்டி வைத்திருந்தோம். முளை நெல்லைச் சேற்றில் வீசியபின் தண்ணீர் ஏறக்கூடாது. ஏறினால் நெல் மிதந்து போய்விடும். ஐயா நேரம் பார்த்து முளை நெல்லுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படலையைத் தாண்டினார். வாய்க்கால் கரையில் எதிரே அவர் நின்றார். அன்றைக்கென்று பார்த்து முகத்தில் துவாய் இல்லை. அந்த முகத்தை நாங்கள் முதன்முதலாக முழுதாகக் கண்டது அப்போதுதான். பொய் சொல்லமாட்டேன், நான் பயந்துதான் போனேன். தங்கச்சி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துவிட்டாள்.

அவர் கையை உயர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா அதற்குள் திரும்பிவிட்டார். விறுவிறென்று வீட்டுக்கு வந்து கடகத்தை இறக்கிவைத்து, "மூதேசி, இண்டைக்கெண்டு பாத்து வந்து நிக்குது," என்று திட்டினார். பிறகு தண்ணீர், வெற்றிலை, பஞ்சாங்கம். அடுத்த நல்ல நேரம் பின்னேரம்தான் என்று கண்டு, பின்னேரம் போய் விதைத்துவிட்டு வந்தார். அன்றிரவு வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தது. விடியப் போய்ப் பார்த்தால் முளை நெல் எல்லாம் ஒரு மூலையில் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தது.

ஐயா வரம்பில் குந்தித் தலையில் கை வைத்தார். "அந்த முகத்தைக் கண்ட உடனயே நினைச்சனான்," என்றார். பக்கத்துக் காணிக்காரர் வந்து பார்த்து அதையே சொன்னார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் ஓரிடத்தில் நிற்க முடியாது. உடைந்த கரைப் பக்கம் நடந்தேன். உடைப்புக்குள் தடிகள் ஊன்றியிருந்தன. இலைக்குழை வெட்டி நெருக்கிக் களிமண் அப்பியிருந்தது. யாரோ தனியாளாய் நின்று செய்த வேலை. குழைக்குள் செருகிக் கிடந்த சீலைத்துண்டை இழுத்துப் பார்த்தேன். அது அவருடைய துவாய். முதல்நாள் விடியவே கரை கசியத் தொடங்கியிருக்கிறது; முகத்தை மூடுகிற துவாயைக் கழற்றித்தான் உடைப்பை அடைத்திருக்கிறார். மண்வெட்டியோடு ஆட்கள் வந்தால்தான் கரையை இறுக்கலாம் என்று சொல்லத்தான் ஐயாவின் வழியில் வந்து நின்றிருக்கிறார். அவசரத்தில் தன் முகத்தை மறந்துவிட்டார், பாவம்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லேல்லையாம்?" என்று கேட்டார். அதை அவரிடமே கேட்பதென்று முடிவு செய்தேன்.

அந்தத் துவாயைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, காயவைத்து, மடித்துத் தயிர்ச்சட்டிக்குள் வைத்துக் கொழுவினேன். அடுத்த நாள் விடியப் படலைக்கு உள்ளே வேலியோடு ஒட்டி நின்றேன். அவர் வந்தார். சட்டிக்குள் கைவிட்டுத் துவாயை எடுத்து விரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். நான் படலையைத் திறந்தேன். அவர் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"கொஞ்சம் நில்லுங்கோ. அண்டைக்கு ஏன் ஐயாவைக் கூப்பிடேல்லை?"

முதுகுதான் பதில் சொன்னது.

"அவர் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டவர். போறவரைப் பின்னால கூப்பிடக் கூடாதெல்லோ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போகிறவரைப் பின்னால் கூப்பிடுவது எங்களுக்கு இன்னொரு பெரிய சகுனப் பிழை. முன்னால் நின்றால் இவருடைய முகம் பிழை, பின்னால் நின்று கூப்பிட்டால் குரல் பிழை. ஐயாவுக்கு இரண்டாவது பிழையும் வரக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய், எருமைகளை அவிழ்க்கிற நேரம்வரை அந்த உடைப்பைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாராம். இப்படியும் ஒரு பைத்தியம், ஒரு விசரன் இருப்பானா என்று நினைத்தேன். அதன்பிறகு அந்த விசரனை நினைக்காமல் எனக்கு ஒரு பொழுதும் போகவில்லை.

அடுத்த மாதங்களில் நான் கதைத்தது ஒரு முதுகோடு. விடியலில் அவர் சட்டியைக் கொழுவுவார். நான் படலைக்கு இந்தப் பக்கம் நிற்பேன், அவர் அந்தப் பக்கம் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த எருமை கன்று போட்டது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எங்கள் மரவள்ளியைப் பன்றி எப்படிக் கிண்டியது, ஐயாவுக்கும் அம்மாவுக்கும் எதனால் கோபம் என்று கதை போகும். உதடு பொருந்தாததால் சில எழுத்துகள் அவர் வாயில் காற்றாகத்தான் வரும். முதலில் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டி இருந்தது. பிறகு மற்ற ஆண்கள் கதைப்பது எனக்கு இரைச்சலாகப் படத் தொடங்கியது. சட்டிக்குள் உப்புப் புளியோடு பனங்கட்டியும் மோர்மிளகாயும் போயின. ஒரு நாள் தயிருக்கு மேல் வாழையிலைத் துண்டில் தேன்வதை வந்தது. அம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஒரு விடியலில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் என்ன, உங்கட முதுகுக்கே வாழ்க்கைப்படுறது?" என்று கேட்டுவிட்டேன். வாயால் வந்தபிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது.  அவர் மெல்லத் திரும்பித் துவாயை முகத்திலிருந்து எடுத்தார். பார்த்துவிட்டு ஓடு என்கிற மாதிரி நின்றார்.

நான் பார்த்தேன். முகத்தைப் பாராமல் மனதைப் பார்த்தவள் என்று என்னை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். மனதைப் பார்க்க நான் என்ன எக்ஸ்ரே மெசினா? நான் முகத்தைத்தான் பார்த்தேன். தழும்பு கன்னத்திலிருந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. தொங்கிய இமையிலிருந்து நீர் தானாக வழிந்துகொண்டிருந்தது.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"நோ இல்லை. காத்துப் பட்டால் தண்ணி வரும்." கண்ணைத் துவாயால் ஒற்றிக்கொண்டு, "கரடி எவ்வளவு பெரிசெண்டுதான் எல்லாரும் கேட்டவை. நோகுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார். அப்போது சிரித்தார். சிரிப்பு இடப்பக்கம் மட்டும்தான் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது.

"வீட்டை வந்து ஐயாட்டக் கேளுங்கோ," என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. "நான் வந்து வாசலில நிண்டால் உங்கட ஐயா போய்த் தலை முழுகுவார். அது போகட்டும். என்னைக் கட்டினால் நீங்கள் ஒவ்வொரு நாளும் இந்த முகத்திலதான் முழிக்கோணும். உங்கட வீட்டில ஒண்டும் விளங்காது."

அவருக்கு என்னில் விருப்பம் இல்லாமல் இல்லை. தன் முகம் பட்டது உருப்படாது என்று ஊர் சொன்னதை ஊரைவிடக் கூடுதலாக அவர் நம்பியிருந்தார். எனக்குக் குறுக்கே நின்றது ஐயா அல்ல, இந்த நம்பிக்கைதான். அவர் பகலில், முகத்தோடு, நாலு பேர் பார்க்க எங்கள் வழியில் நடந்தால் ஒழிய எனக்கு அந்த மனிதர் கிடைக்கமாட்டார் என்று தெரிந்தது. எப்படி நடக்கவைப்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஐப்பசி வந்தது. நெல் முளை கட்டுகிற நேரம் பார்த்து ஐயா காய்ச்சலில் விழுந்தார். போர்வைக்கு மேல் சாக்குப் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. முளைத்த நெல் காத்திருக்காது. பிந்தினால் வேர் பின்னிப் பழுதாகும். "நான் விதைக்கிறன்," என்றேன். ஐயா போர்வைக்குள்ளிருந்து முனகினார். அது ஓமா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. அம்மா முழிவியளத்துக்கு ஆயத்தம் செய்தார். பக்கத்துக் காணி மாமி நிறைகுடத்தோடு ஒழுங்கைப் பாதையில் எனக்கு எதிரே வரவேண்டும் என்பது ஏற்பாடு.

நான் வேறொரு ஏற்பாடு செய்தேன். விதைப்புக்கு முதல்நாள் விடிய, படலையில் அவரிடம் சொன்னேன்.

"நாளைக்கு நான் வாய்க்கால் கரையாலதான் போவன். நீங்கள் எனக்கு எதிர வரோணும். முகத்தில துவாய் இல்லாமல்."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "உங்களுக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்."

"விதைப்புப் பிழைச்சால்?"

"பிழைச்சால் ரெண்டு பேருமாப் பேச்சு வாங்குவம்."

"என்னை என்னவும் சொல்லட்டும், எனக்குப் பழகிப்போச்சு. உங்கட வயல் என்ர முகத்தால பிழைச்சுதெண்டால் நான் பிறகு இந்தப் பக்கம் இருக்கமாட்டன். மாடுகளைச் சாய்ச்சுக்கொண்டு போயிடுவன்."

"வராட்டிலும் போங்கோ. இந்தக் கப்பில இனித் தயிர்ச்சட்டி கொழுவவேண்டாம்."

சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினேன். 

மறுநாள் அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டுக் கடகத்தை என் தலையில் ஏற்றிவிட்டார். பின்னால் அம்மா, தங்கச்சி, அயலட்டைப் பெண்கள். ஒழுங்கை முடக்கில் மாமி குடத்தோடு ஆயத்தமாக நின்றது தெரிந்தது. நான் ஒழுங்கையால் போகாமல் வாய்க்கால் கரையில் ஏறினேன். பின்னால் ஒரு சலசலப்பு. ஆனால் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது, போகிறவளைப் பின்னால் கூப்பிட்டால் சகுனப் பிழை. அவருடைய வாயைக் கட்டிய அதே வழக்கம் அன்றைக்கு ஊரின் வாயைக் கட்டியது. எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம்.

கரையில்தான் யாரும் இல்லை. வளைவுவரை நடந்து நின்றேன். கடகம் கனத்தது. முளை நெல்லின் தண்ணீர் கழுத்தால் வழிந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பட்டிப் பக்கம் ஒரு மணிச்சத்தம்கூடக் கேட்கவில்லை. மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார், இனி அவரைக் காணமாட்டேன் என்று நினைத்தேன். 

அப்போதுதான் மருத மரத்துக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். தலையில் பெரிய பானை, விளிம்புவரை தயிர். பானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்; முகத்தை மூட ஒரு கையும் மிச்சம் இல்லை. துவாயைச் சுருட்டிச் சும்மாடாக்கிப் பானைக்குக் கீழே வைத்திருந்தார். நிறைபானைத் தயிர் எதிரே வந்தால் அதைவிட நல்ல முழிவியளம் எங்களிடம் கிடையாது. அந்தப் பானைக்குக் கீழே அந்த முகம். பின்னால் நின்ற பெண்கள் கும்பிட்டார்களா, கண்ணைப் பொத்தினார்களா, எனக்குத் தெரியாது. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், கால் தடுமாறிவிடுமோ என்ற பயத்தில் கரையையே பார்த்தபடி என்னைத் தாண்டிப் போனார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அன்றைக்குக் காற்று இல்லை. நான் வயலுக்குப் போய் விதைத்தேன்.

அதன்பிறகு ஊர் எங்கள் வயலைக் காவல் காத்தது. ஒரு நெல்லுத் தாள் மஞ்சளித்தாலும் "பாத்தியளோ" என்றார்கள். காய்ச்சல் மாறி எழும்பிய ஐயா என்னோடு கதைக்கவில்லை. பட்டியிலிருந்தவரும் கதைக்கவில்லை, பயம். சட்டி மட்டும் ஒழுங்காக வந்தது. ஆனால் வயலுக்குப் போனால் பன்றி வருகிற மூலை முள்ளால் அடைத்திருக்கும், வாய்க்கால் கரை புதுமண் போட்டு இறுக்கியிருக்கும். கதைக்காத இரண்டு ஆண்களுக்கு நடுவில் நான் களை பிடுங்கினேன்.

விளைச்சல் எப்படி என்று கேட்பீர்கள். சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பக்கத்து வயலில் விளைந்த அளவுதான் எங்களுக்கும் விளைந்தது. கொட்டியிருந்தால் அம்மன் தந்தது என்பார்கள், அழிந்திருந்தால் கரடியனின் முகம் என்பார்கள். எல்லாரையும் போல விளைந்ததால் ஒருவருக்கும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சாதாரண விளைச்சலுக்காகக் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் இருந்து நான் அழுதேன்.

புது நெல்லைக் குற்றிச் சமைத்து முதன்முதல் உண்கிற புதிர் நாள் வந்தது. ஐயா சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்தார். நெடுநேரம் பிசைந்தார்.

"நாளைக்குக் காணிக் கந்தோருக்குப் போகோணும், கிளிநொச்சிக்கு," என்றார். பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, "விடிய நான் வெளிக்கிடேக்க, அந்தத் தயிர்ப்பானைக்காரரை ஒருக்கா எனக்கு எதிர வரச் சொல்லுங்கோ," என்றார்.

அம்மா கையில் அகப்பையோடு அப்படியே நின்றார். "வற்றாப்பளை அம்மாளிட்ட மாப்பிள்ளை வேணுமெண்டுதான் கேட்டனான். முகம் எப்பிடி இருக்கோணுமெண்டு சொல்ல மறந்துபோனன்," என்றார். அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு கண்டேன். தயிர்ப்பானைக்காரர் என்ன ஆட்கள், என்ன சாதி என்று ஐயா காதும் காதும் வைத்த மாதிரி முன்பே விசாரித்து வைத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது சரிவராமல் இருந்திருந்தால் எந்தப் பானையும் எங்களைக் காப்பாற்றியிராது.

அடுத்த நாள் அவர் பானையோடு ஐயாவுக்கு எதிரே வந்தார். ஐயா நின்று, அவரை நேராகப் பார்த்து, தலையை அசைத்துவிட்டுப் போனார். கந்தோரில் அன்றைக்கு வேலை முடியவில்லை, கிளாக்கர் லீவாம். ஐயா வெயிலில் திரும்பி வந்து கிளாக்கரைத்தான் திட்டினார்.

வைகாசியில் கல்யாணம். எங்கள் மேட்டுக் காணியின் ஓரத்தில் ஒரு மண்வீடு போட்டுத் தந்தார்கள். அந்த வீட்டில் முதல் விடியலில், கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு அரைக் கண்ணால் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே எழும்பிப் போய்ப் பட்டியிலிருந்து ஒரு சட்டி தயிர் கொண்டுவந்து, நான் முழிக்கிற பக்கம் என் தலைமாட்டில் வைத்திருந்தார். வைத்துவிட்டு மறுபடி பாயில் சரிந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார். அதே பழைய முதுகு.

அரைக் கண்ணால் பார்த்தது முழிப்பில் சேராது என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சட்டியைத் தடவிப் பிடித்து அங்கால் தள்ளினேன்.

"இஞ்சால திரும்புங்கோ."

"முதல் அந்தத் தயிரைப் பாருங்கோ. பிறகு திரும்பிறன்."

"நான் இன்னும் கண் திறக்கேல்லை. நீங்கள் திரும்பினாப் பிறகுதான் திறப்பன்."

வெளியே எருமைகள் கத்தத் தொடங்கிவிட்டன. அவிழ்க்கிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் பாய் சரசரத்தது. நான் கண்ணைத் திறந்தேன்.